பயப்படாத உடம்பு

என்னைப் பார்த்துச் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதற்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஜீவன்தான் இருந்தது. அதற்கும் உயிர் கிடையாது. இடது மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை அது. காலை ஏழரை, பகல் பன்னிரண்டே முக்கால், மாலை நாலரை, இரவு எட்டு. நாலு வேளையும் ஒரு பெண் குரலில், "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கும். பதில் இல்லையென்றால் பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்கும். அதற்கும் அசையாவிட்டால் மணிக்கட்டில் சுருக்கென்று ஒரு கடி. கல்யாணமான புதிதில் கற்பகம்கூட என்னை இப்படி விரட்டியதில்லை.

என் பெயர் கோமதிநாயகம். எடைக் கருவிகளைச் சோதித்து முத்திரை வைக்கும் ஆய்வாளர் வேலை. தாம்பரம் வட்டாரத்தில் கறிக்கடை, காய்கறிக்கடைத் தராசுகளெல்லாம் என்னைக் கண்டால் யோக்கியமாகிவிடும். நான் ஏறி நிற்கவேண்டிய தராசு ஒன்று வீட்டுக் கட்டிலுக்கடியில் இருந்தது. அதைத்தான் முப்பது வருடம் பார்க்கப் பயந்தேன். நூற்றுப் பதினெட்டுக் கிலோ.

பட்டினி கிடக்கத் தெரியாதவன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. ஒன்பது முறை கிடந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான். முதல் மாதம் எட்டுக் கிலோ இறங்கும். இரண்டாம் மாதம் மூன்று. மூன்றாம் மாதம், அதே இரண்டு சப்பாத்தி, அதே வெள்ளரிக்காய், முள் அசையாது. கை கால் ஐப்பசி மழையில் நனைந்தது போலச் சில்லிட்டுப் போகும். படியேறப் பிடிக்காது, பேசப் பிடிக்காது. பசி மட்டும் உட்கார்ந்து உட்கார்ந்து குரைக்கும். பிறகு ஒருநாள் கட்டுக்கயிறு அறுந்துவிடும். இறங்கினது ஏறும், வட்டியும் சேர்ந்து ஏறும்.

"நீங்க வீட்லதான் இருக்கீங்க, ஆனா இல்ல" என்றாள் கற்பகம், ஆறாவது பட்டினியின்போது. "ஒரு வார்த்தை கேட்டா பதில் வர்றதுக்குள்ள குழம்பு கொதிச்சு அடங்கிடுது." எட்டாவது பட்டினி முடிவதற்குள் அவள் ஓசூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. சண்டை போடத் தெம்பு இருந்திருந்தால் ஒருவேளை இருந்திருப்பாளோ என்னவோ.

இதையெல்லாம் டாக்டர் மெஹருன்னிசாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை.

"சார், நீங்க சாப்பாட்டைக் குறைச்சா, இவர் சட்டை சைஸைக் குறைக்கப் பாக்குறார்னு உங்க உடம்புக்குத் தெரியாது. ஊர்ல மழை பொய்ச்சுப்போச்சுன்னு நினைச்சுக்கும்."

"நினைச்சுக்கிட்டு?"

"வேற என்ன, சிக்கனம்தான். கை காலுக்குச் சூடு அனுப்புறதைக் குறைக்கும். நாடித் துடிப்பைக் குறைக்கும். நீங்க சும்மா உக்காந்திருக்கும்போது காலாட்டுவீங்களே, அதைக்கூட நிறுத்திடும். பேச்சு, சிரிப்பு எல்லாமே அதுக்குச் செலவுதான். பசியை மட்டும் ஏத்தி விடும், எங்கேயாவது போய்த் தேடிக்கிட்டு வரட்டும்னு. எடை குறைஞ்ச அப்புறமும் பல வருஷம் அந்தப் பயம் போகாது."

"அப்ப தப்பு என் மேல இல்லையா டாக்டர்?"

எனக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று. அவர் மேஜைமேல் இருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

அப்போதுதான் தணல் வந்திருந்தது. புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பொருள். கழுத்தோரக் காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். "பஞ்சம் வந்துவிட்டது" என்று உடம்பு மூளைக்குச் சொல்லி அனுப்பும் தகவலை அது நடுவழியிலேயே மறித்துவிடும். மூளைக்குச் சேதி போகாது. சாப்பாடு குறைந்தாலும் அடுப்பு பழையபடியே எரியும். பதினான்கு மாதத்தில் எண்பத்தி ஒன்றுக்கு வந்தேன். கை சில்லிடவில்லை. காலாட்டினேன். பேச ஆள் இல்லாவிட்டாலும் பேசத் தெம்பு இருந்தது.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க" என்றார் டாக்டர். "குறைச்சுச் சாப்பிடலாம், சாப்பிடாம இருக்கக்கூடாது. பட்டினி கிடக்கிறவங்களைக் காப்பாத்துறதே அந்தப் பயம்தான். அதைத்தான் நாம எடுத்துட்டோம். விறகு வரலேன்னாலும் இந்த அடுப்பு அணையாது. வீட்டுச் சட்டத்தைப் புடுங்கி எரிக்கும். சதை போகும், அப்புறம் இதயம். அதுக்குத்தான் இந்தப் பட்டை."

தணலைத் தயாரித்த செந்தணல் நிறுவனத்துக்கு என் முகம் பிடித்துப்போயிற்று. அரசாங்க ஆபீசர் முகம், நம்பிக்கை தரும் என்றார்கள். படம் பிடிக்க வந்த பையன்கள், "உங்க வார்த்தையிலேயே சொல்லுங்க சார், என்ன வித்தியாசம் தெரியுது?" என்றார்கள். நான் பெருமையில், "முன்னாடி ஒருவேளை விட்டாலே என் உடம்பு பயந்துக்கும். இப்போ சாப்பிடாம இருந்தாலும் பயப்படாது" என்றேன். அவர்கள் முன்பாதியை வெட்டிவிட்டார்கள். *சாப்பிடாம இருந்தாலும் என் உடம்பு பயப்படாது!* மாநிலம் முழுக்க, இரண்டு ஆள் உயர எழுத்தில், பக்கத்தில் மெலிந்து சிரிக்கிற நான்.

டாக்டர் போன் செய்து திட்டினார். நானும் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். எச்சரிக்கை கீழே இருக்கிறது சார் என்றார்கள். இருந்தது, எறும்பு வரிசை போல. நான் அதோடு விட்டுவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவ்வளவு பெரிதாக என் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

*

எனக்கு ஒரே அக்கா, சண்முகத்தாய். கோவில்பட்டியில் இருந்தாள். அவளும் என்னைப் போலத்தான், தண்ணீர் குடித்தாலே சதை போடுகிற உடம்பு. பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை.

அப்பா இறந்தபோது நடந்தது அது. அப்போது எனக்கு ஒன்பதாவது பட்டினி, நாலாவது மாதம். அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பிணத்தை எடுக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பெற்ற பிள்ளைகள் வாயில் எதையும் வைப்பதில்லை. நானும் வைக்கவில்லை, மத்தியானம் வரைக்கும். பிறகு என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் உட்கார்ந்திருந்தேன். எட்டாவது பரோட்டாவைச் சால்னாவில் நனைத்துக்கொண்டிருக்கும்போது எதிரில் சித்தப்பா மகன் அய்யாத்துரை அண்ணன் நின்றார். மாலைக்குப் பூ வாங்க வந்தவர்.

வீட்டுக்குத் திரும்பினபோது பந்தலே என்னைப் பார்த்தது. அக்கா அழுவதை நிறுத்திவிட்டு என் கையை எடுத்து மோந்து பார்த்தாள்.

"அப்பா கெடக்கும்போது உனக்கு எப்படிடா எறங்குச்சு?"

அவ்வளவுதான் கேட்டாள். அதற்குப் பதில் எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. டாக்டர் மெஹருன்னிசா சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் எட்டு வருடம் ஓடிவிட்டது.

சென்னை திரும்பிய அந்த வாரமே போன் நம்பரை மாற்றினேன். அக்கா கூப்பிட்டால் எடுக்கக்கூடாது என்பதற்காக இல்லை. அவள் கூப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்பதற்காக.

போன ஐப்பசியில், தீபாவளி முடிந்த ஆறாம் நாள், அய்யாத்துரை அண்ணன் என் ஆபீசுக்குப் போன் செய்தார்.

"நாயகம், அக்கா போயிட்டாப்பா. காலைல சாமி ரூம்ல சாஞ்சவ எந்திரிக்கலை. ஹார்ட்டுங்காங்க. மகன் கதிர்வேலு கனடாவுலேருந்து நாளைக்குச் சாயங்காலம்தான் வருவான், ஐஸ் பெட்டியில வச்சிருக்கோம். பொறந்த வீட்டுக் கோடி நீதான் கொண்டாரணும். வேற யாரு இருக்கா?"

பெண் செத்தால் அவள் கடைசியாக உடுத்தும் சேலை உடன்பிறந்தவன் கொண்டுவருவது. சண்டை, வருஷக்கணக்கு எதுவும் அதற்குமுன் நிற்காது. தாம்பரத்திலேயே அரக்கு நிறத்தில் ஒரு சேலை எடுத்துக்கொண்டு பகல் ரயிலில் ஏறினேன். அவளுக்கு அரக்கு பிடிக்குமா என்று ரயில் கிளம்பின பிறகுதான் யோசித்தேன். பதினோரு வருடத்தில் ஒருத்திக்குப் பிடித்த நிறம் மாறியிருக்கலாம்.

விழுப்புரம் தாண்டும்போது பட்டை கேட்டது. "சாப்பிட்டீர்களா?"

காலையில் மூன்று இட்லி சாப்பிட்டது. அதோடு சரி என்று முடிவு செய்தேன். இந்த முறை அக்காவை எடுக்கும்வரை என் வாயில் எதுவும் விழப்போவதில்லை. அய்யாத்துரை அண்ணன் பார்க்கட்டும், பந்தல் முழுக்கப் பார்க்கட்டும். ஒன்றரை நாள்தானே. டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும், துக்க வீட்டில் என் மணிக்கட்டு சாப்பிட்டாயா என்று கத்தினால் அதைவிடக் கேவலம் வேறு வேண்டாம் என்று பட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். படித்தவன் செய்கிற காரியம் இல்லைதான்.

*

அக்கா இளைத்திருந்தாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அவளைப் பார்த்ததும் வேறு யாரையோ பார்ப்பதுபோல இருந்தது. கன்னம் வற்றி, தாடை எலும்பு தெரிந்து, அப்பாவின் முகம் வந்திருந்தது. சீக்கு என்று நினைத்தேன். யாரும் சொல்லவில்லையே என்று கோபம் வந்தது. சொல்வதற்கு யாரிடம் என் நம்பர் இருந்தது?

பெட்டியின் தலைமாட்டில் மயிலு உட்கார்ந்திருந்தாள். அக்காவின் மகள், வள்ளிமயில். கடைசியாகப் பார்த்தபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது முப்பத்தி நாலு, பள்ளிக்கூட டீச்சர், அம்மாவோடுதான் இருந்தாள். அவளும் ஒல்லியாகத்தான் இருந்தாள். அன்று இரவு முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்ததால் நாங்கள் பேசவில்லை. நான் பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து காபி வந்தது. எல்லாருக்கும் கொடுத்தவர்கள் என் முன்னால் தட்டைக் கொஞ்சம் கூடுதல் நேரம் நீட்டினார்கள். வேண்டாம் என்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் எனக்கு வேர்க்க ஆரம்பித்துவிட்டது. மழை மேகம் கவிந்து குளிர்காற்று அடிக்கிறது. பந்தலில் எல்லாரும் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என் சட்டை மட்டும் முதுகில் ஒட்டியது. உள்ளங்கை கொதித்தது. நெஞ்சு தட்தட்டென்று அடித்துக்கொண்டது. பசி இல்லை, அதுதான் விசேஷம். சாயங்காலம் கதிர்வேல் வந்துவிடுவான், தாங்கிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினொன்றரை இருக்கும். உள்ளே ஒரு சலசலப்பு. மயிலு எழுந்திருக்கப் போய் தடுமாறிப் பெட்டிமேல் கையூன்றிக்கொண்டாள். பெண்கள் பிடித்து உட்கார வைத்தார்கள்.

"நேத்துலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படலைய்யா" என்றாள் ஒருத்தி. "அண்ணன் வந்து அம்மாவை எடுக்கிற வரைக்கும் ஒண்ணும் வேண்டாம்னு உக்காந்திருக்கா. நீங்களாவது சொல்லுங்க, தாய்மாமன் இல்லியா."

நான் போய் அவள் எதிரில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன்.

கை கொதித்தது.

பட்டினி கிடப்பவர்களின் கை எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்பது முறை கிடந்தவன். அது சில்லென்று இருக்கும், விரல் நுனி வெளுத்திருக்கும், நாடி மெதுவாக அடிக்கும். இவளுக்கு நாடி ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், மேலுதட்டில் வேர்வை. என் கையைப் பார்த்தேன். இரண்டு கையும் ஒரே சூடு.

"மயிலு" என்றேன், மெதுவாக. "தணல் வச்சிருக்கியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானையைக் கொஞ்சம் விலக்கினாள். காறை எலும்புக்குக் கீழே புளியங்கொட்டை அளவு மேடு.

"பட்டை எங்க?"

"சாமி ரூம் அலமாரில. ரெண்டு பட்டையும்."

"ரெண்டா?"

"அம்மாதான் மாமா முதல்ல வச்சுக்கிட்டா. பஸ் ஸ்டாண்டுல உங்க போஸ்டரைப் பாத்துட்டு வந்து ரெண்டு நாள் தூங்கலை. என் தம்பிக்கு ஒத்துக்கிட்டா எனக்கும் ஒத்துக்கும், ஒரே வயித்துப் பிள்ளைங்கதானேன்னா. என்னையும் கூட்டிட்டுப் போயி வைக்க வச்சா."

நான் பெட்டிக்குள் கிடந்த அக்காவைப் பார்த்தேன். கூடத்தில் அழுகைச் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது.

"இது கந்த சஷ்டி வாரம் மயிலு. அக்கா விரதம்..."

"அஞ்சு நாளா இருந்தா. எப்பவும் ஒருவேளை பாலும் பழமும் எடுத்துக்குவா. நானும் அப்படித்தான் இருந்தேன். இந்த வருஷம் அவ தண்ணி மட்டும்தான்னுட்டா. நான் சண்டை போட்டேன் மாமா." அவளுடைய குரல் உடைந்தது. "தம்பியே சொல்லியிருக்கான்டி, சாப்பிடாம இருந்தாலும் உடம்பு பயப்படாதுன்னு, நீ என்ன பெரிய டாக்டரான்னா. பட்டை கத்திக்கிட்டே இருந்துச்சு. சாமி காரியத்துல இது என்ன நைநைன்னு கழட்டி வச்சுட்டா."

இரண்டு ஆள் உயர எழுத்து. அக்காவுக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியாது. தெரிந்திருந்தாலும் அவள் நம்பியிருக்கப் போவது என்னைத்தான்.

நான் வெளியே வந்து டாக்டருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லி முடிக்க அவர் விடவில்லை.

"எத்தனை மணி நேரம்? அதுக்கு முன்னாடி அஞ்சு நாளும் பாதிப் பட்டினியா? சார், இது அடுத்த வேளைக்குத் தள்ளிப்போடுற விஷயம் இல்ல. நீர்க்கஞ்சி, உப்புப் போட்டு, கரண்டி கரண்டியா. மொத்தமா ஊட்டிடாதீங்க, அதுவும் ஆபத்து. ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க, வர்றதுக்குள்ள கஞ்சி உள்ள போகணும். நீங்க கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

போனை வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டில் வெளியூர்க்காரர்களுக்காகக் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தார்கள். ஒரு சொம்பில் வாங்கிக்கொண்டு வந்தேன். மயிலு பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் மாமா. அம்மா கெடக்கா. எனக்கு எறங்காது."

"மருந்துன்னு நினைச்சுக் குடி."

"எல்லாரும் பாக்குறாங்க. பெத்தவ கெடக்கும்போது குடிச்சான்னு காலத்துக்கும் சொல்லுவாங்க. உங்களைச் சொல்லலையா?"

சொன்னார்கள்தான். அதைச் சொல்லிச் சொல்லித்தான் இரண்டு பிள்ளைகள் பதினோரு வருடம் ஆளுக்கொரு ஊரில் கிடந்தோம். இந்தப் பெண் அந்தப் பேச்சுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறாள். பயப்பட வேண்டிய உடம்போ சும்மா எரிந்துகொண்டிருக்கிறது. அவள் நெஞ்சு அடிப்பது கழுத்தில் தெரிந்தது.

நான் சொம்போடு போய் அக்காவின் காலடியில், கூடத்தின் நட்டநடுவில், எல்லாரும் பார்க்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தேன். சத்தம் வரும்படியே குடித்தேன்.

அழுகை நின்றது. முப்பது பேர் பார்த்தார்கள். அய்யாத்துரை அண்ணன் வாசற்படியில் நின்றிருந்தார்.

"பதினோரு வருஷமாகியும் திருந்தலையேப்பா நீ" என்றார். திட்டுகிற குரலாக இல்லை. நிஜமான வருத்தம் இருந்தது, அதுதான் சுட்டது.

"இல்லண்ணே, திருந்தலை" என்றேன். "இன்னும் ஒரு கிண்ணம் குடிப்பேன். எங்கக்கா சாப்பிடாம செத்திருக்கா. என் போஸ்டரைப் படிச்சுட்டுச் செத்திருக்கா. அவ மகளுக்கும் அதே பொருள் உடம்புல இருக்கு. இவளும் இப்படியே உக்காந்திருந்தா சாயங்காலம் கதிர்வேலு ரெண்டு பேரைத் தூக்கணும். இப்ப சொல்லுங்க, திருந்தட்டுமா?"

நான் மயிலு பக்கம் திரும்பினேன். கிண்ணத்தை நீட்டினேன்.

"எனக்கு எறங்கிருச்சு தாயி. எல்லாரும் பாத்துட்டாங்க. கெட்ட பேரு பூரா எனக்கு, கஞ்சி உனக்கு. குடி."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். முதல் கரண்டியை நான்தான் ஊற்றினேன். இரண்டாவது கரண்டிக்குள் அய்யாத்துரை அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொம்பைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஒன்பது கரண்டி உள்ளே போனது. எண்ணினேன்.

அக்காவை எடுக்கும்போது மயிலு ஆஸ்பத்திரியில் இருந்தாள், நெஞ்சில் கம்பிகள் ஒட்டியிருந்தன. அரக்குச் சேலையை நான் கொடுத்தேன், பெண்கள் சாத்தினார்கள். அவளுக்கு அந்த நிறம் பிடித்திருந்ததா என்று கேட்க அப்போது அங்கே ஆள் இல்லை.

*

மயிலு பிழைத்துக்கொண்டாள். மாதக் கடைசியில் எங்கள் இரண்டு பேருடைய தணலையும் டாக்டர் மெஹருன்னிசா எடுத்தார். எனக்கு இப்போது நாலு கிலோ ஏறியிருக்கிறது. போஸ்டர்களைச் செந்தணல்காரர்கள் கழற்றிவிட்டார்கள், வேறு ஒரு ஆள் சிரிக்கிறான். நான் எழுதிப் போட்ட புகாருக்கு, எல்லாம் விதிப்படியே நடந்தது என்று இருபது பக்கப் பதில் அனுப்பியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைப் படித்துக்கொண்டிருந்தேன். பதினேழாம் பக்கத்தில் ஒரு பட்டியல். பயனாளர் சண்முகத்தாய் உணவு எடுக்காதபோது, அவர் தந்திருந்த அவசரத் தொடர்பு எண்ணுக்கு எச்சரிக்கைக் குறுஞ்செய்திகள் முறையாக அனுப்பப்பட்டன. ஐந்து நாள், முப்பத்தொரு செய்தி. *உங்கள் அக்கா சண்முகத்தாய் 38 மணி நேரமாகச் சாப்பிடவில்லை. நேரில் சென்று பார்க்கவும். 52 மணி நேரமாகச் சாப்பிடவில்லை. 74 மணி நேரமாக.* உறவு முறை என்ற இடத்தில் தம்பி என்று இருந்தது. எதிரே நம்பர்.

எனக்கு அந்த நம்பர் தெரியும். பதினெட்டு வருடம் என்னுடையதாக இருந்த நம்பர்.

மயிலுக்குப் போன் செய்து, அந்த அவசர நம்பரை யார் கொடுத்தது என்று கேட்டேன்.

"அதுவா மாமா. வீட்ல இல்லாத ஒருத்தர் நம்பர் வேணும்னாங்க. வெளிநாட்டு நம்பர் எடுக்காதுன்னுட்டாங்க. நான் ஃப்ரெண்டு நம்பரைக் குடுத்தேன். அவளுக்கும் மெசேஜ் போயிருக்கு, துக்க வீடுதானேன்னு விட்டுட்டா. அம்மா யோசிக்காம மனப்பாடமா ஒண்ணு சொன்னா. யாரு நம்பர்னு நான் கேட்டுக்கலை. ஏன் மாமா?"

"ஒண்ணுமில்லம்மா."

போனை வைத்தேன். கால் ஆடவில்லை. கை சில்லிட்டிருந்தது, உடம்பு மறுபடி பயப்படக் கற்றுக்கொண்டுவிட்டது. அப்புறம் என் பழைய நம்பரை அழுத்தினேன். நாலாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள். பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம்.

"ஒரு விஷயம் கேக்கணும்மா. ஐப்பசி மாசம் உங்களுக்கு, யாரோ சாப்பிடலைன்னு மெசேஜ் ஏதாவது..."

"அய்யோ, அந்தக் கம்பெனியா சார் நீங்க? அஞ்சு நாளா உசிரை எடுத்துட்டாங்க. உங்க அக்கா சாப்பிடல, உங்க அக்கா சாப்பிடலன்னு. எனக்கு அக்காவே கிடையாது சார், நான்தான் வீட்டுக்கு மூத்தவ. ராங் நம்பர்னு திருப்பிக்கூடப் போட்டேன். அப்படியும் வந்துச்சு. ஏதோ விளம்பரம்னு விட்டுட்டேன்."

"சரிம்மா."

"திடீர்னு ஒருநாள் காலைல நின்னுபோச்சு. அதுக்கப்புறம் வரலை." தையல் மிஷின் நின்றது. "சார்... லைன்ல இருக்கீங்களா? அந்த அக்கா அப்புறம் சாப்ட்டாங்களா?"

பதினோரு வருடம் அக்காவிடம் நான் ஒரு முறைகூடக் கேட்காத கேள்வி. முகம் தெரியாத ஒருத்தி கேட்கிறாள்.

"சாப்ட்டாங்கம்மா" என்றேன்.

"நல்லதா போச்சு" என்று அவள் போனை வைத்தாள். பட்டை இல்லாத என் மணிக்கட்டைப் பார்த்தேன். மணி பன்னிரண்டே முக்கால் ஆகியிருந்தது.